மாகாண சுகாதாரத் திட்டங்கள்: ஒப்பந்தம் முடிந்த பிறகு சம்பளம் யார் தருவார்?

மார்த்தாண்டத்துக்கு அருகிலிருந்து, செவிலியர் படிப்பும் அதன்மேல் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டமும் முடித்த ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. வெளிநாட்டு உதவியில் நடக்கும், ஒரு நாட்டின் மாகாணங்களில் சுகாதார அமைப்பையும் நிர்வாகத்தையும் வலுப்படுத்தும் திட்டம் ஒன்றில், ஒப்பந்தம் எடுத்திருக்கும் ஆலோசனை நிறுவனம் அவருக்கு வேலை தர முன்வந்திருக்கிறது. மருந்து கொடுப்பதில்லை, மருத்துவமனை கட்டுவதில்லை என்றால் இந்தத் திட்டங்கள் செய்வதுதான் என்ன, பணம் யாரிடம் போகிறது, கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அங்கே செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கிறார். நானும் இதே மாவட்டத்துக்காரன், நாகர்கோவில். இத்தகைய திட்டங்களின் கணக்கு, கண்காணிப்புப் பிரிவுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவருடைய கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிட முடியாது என்பதால் சற்று விரிவாகவே, அவரிடம் நேராகப் பேசுவதுபோல் எழுதுகிறேன்.

சுகாதார அமைப்பு என்றால் என்ன என்பதை அறிக்கைகளில் தேட வேண்டியதில்லை; நம் மாவட்டத்தில் ஒரு பாதையைப் பின்தொடர்ந்து பார்த்தால் போதும். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெண் கருவுற்றால், கிராம சுகாதார செவிலியர் அவரைப் பதிவு செய்து பிக்மி எண், அதாவது மாநில அரசின் கர்ப்பிணிகள் பதிவு எண், வாங்கித் தருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சோகையும் இரத்த அழுத்தமும் பார்க்கப்படுகின்றன. சிக்கல் தெரிந்தால் குலசேகரம் அரசு மருத்துவமனை, அதையும் தாண்டினால் தக்கலை அரசு மருத்துவமனை அல்லது ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இடையில் 108 வண்டி. அந்தப் பெண்ணின் கண்ணில் படுவது செவிலியரும் மருத்துவரும் வண்டியும் மட்டுமே. ஆனால் அந்தச் செவிலியரின் பணியிடம் காலியானால் நிரப்புவதற்கு ஒரு தேர்வு வாரியம் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை மொத்தமாக வாங்கி, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்கு வழியாக அனுப்ப 1994-இல் மாநில அரசு தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மாதக் கடைசியில் சம்பளம் போட ஒரு கருவூலம் இருக்கிறது. ஒரு தாய் இறந்துபோனால் எந்த இடத்தில் தவறியது என்று மாவட்ட அளவில் உட்கார்ந்து விசாரிக்கும் வழக்கம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் 1939-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது.

நீங்கள் போகவிருக்கும் மாகாணத்தில் இந்தப் பாதையின் மூட்டுகளில் சில இல்லை, சில இருந்தும் அசைவதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். செவிலியர் இருப்பார், ஆனால் அவர் சம்பளம் தலைநகரிலிருந்து நான்கு மாதம் தாமதமாக வரும். மருந்துக் கிடங்கு இருக்கும், ஆனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற பதிவேடு இருக்காது. மாகாண சுகாதார அலுவலருக்கு அறையும் பெயர்ப்பலகையும் இருக்கும், பணத்தைச் செலவிடும் அதிகாரம் இருக்காது. இந்த மூட்டுகளைச் சரிசெய்வதற்காகவே கொடையாளர் நாடுகள் ஒப்பந்தம் விடுகின்றன. ஆண்டுத் திட்டம் போடுதல், வரவுசெலவு தயாரித்தல், பணியிடங்களை நிரப்புதல், மருந்துக் கணக்கு, நோய்ப் பதிவு, மக்களின் குறைகேட்பு ஆகியவற்றில் அலுவலர்களோடு உட்கார்ந்து வேலை செய்வதுதான் "நிர்வாகத்தை வலுப்படுத்துதல்" என்பதன் பொருள். மருந்து கொடுக்காத வேலை என்பதற்காக அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். மருந்து வந்து சேராமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த மூட்டுகளே காரணம்.

வெளிநாட்டுப் பணம் சுகாதாரத்துக்கு வருவது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. 1838-இல் இலண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவர் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். எவரெஸ்ட் சிகரப் பயணங்களில் 1922-லும் 1924-லும் பங்கெடுத்த மருத்துவர் சாமர்வெல் அதே நெய்யூரில்தான் ஆண்டுக்கணக்கில் அறுவைச் சிகிச்சை செய்தார். வடசேரியில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனையும் அதே காலத்து மரபில் வந்தது. நம் பாட்டன் பாட்டிகளில் எத்தனையோ பேரின் உயிரைக் காத்த மருத்துவமனைகள் இவை. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் இவை மருத்துவமனைகள், சுகாதார அமைப்பு அல்ல. நோயாளி அவற்றைத் தேடிப் போனார். நோய் எங்கே, ஏன் பரவுகிறது என்று ஊர் ஊராகப் பார்ப்பது அவற்றின் பொறுப்பாக இருக்கவில்லை.

அந்த வேலை, நாம் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரில், 1920களின் கடைசியில் தொடங்கியது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் மருத்துவர் ஜேக்காக்ஸ் அங்கு வந்து கொக்கிப்புழு போன்றவற்றைப் பற்றி ஆய்வுகள் நடத்தினார். சில ஆண்டுகளில் நெய்யாற்றின்கரையில் ஒரு சுகாதாரப் பணி மையம் உருவானது. அந்த நிறுவனம் உலகம் முழுவதும் ஒரு வழக்கத்தைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தது. தொடக்கத்தில் செலவின் ஒரு பகுதியைத் தரும். ஆண்டுக்காண்டு தன் பங்கைக் குறைத்துக்கொண்டே வரும். உள்ளூர் அரசின் பங்கு கூடிக்கொண்டே போக வேண்டும். முடிவில் வேலையும் ஆட்களும் அரசின் கையில் இருக்க வேண்டும். அதில் தன்னலக் கணக்கு உண்டா, வணிக நோக்கம் உண்டா என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கிறார்கள்; அந்த விவாதம் நியாயமானதே. ஆயினும் கையை விட்டுவிடும் நாளை முதல் நாளிலேயே எழுதி வைத்துக்கொண்டு தொடங்கும் அந்த ஏற்பாட்டை, இன்றைய பல ஒப்பந்தங்களில் நான் தேடிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

இப்போது பணத்தின் வழிக்கு வருகிறேன். உதவிப் பணம் ஒரு மாகாணத்தை அடைய முதன்மையாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அரசிலிருந்து அரசுக்கு: உலக வங்கி அல்லது ஜப்பான் போன்ற நாட்டின் நிறுவனம் கடனோ கொடையோ தரும், அது அந்நாட்டின் கருவூலம் வழியாகச் செலவாகும். இரண்டாவது, தொண்டு நிறுவனத்துக்கு நல்கை. மூன்றாவது, உங்களுக்கு வந்திருக்கும் வகை: கொடையாளர் நாடு ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அந்த நிறுவனத்தின் சேவையை விலைக்கு வாங்குகிறது. இந்த மூன்றாவது வகையில் கையெழுத்திடுபவர்கள் இருவர்: கொடையாளர் நாட்டின் ஒப்பந்த அலுவலர் ஒருவர், நிறுவனம் மற்றொருவர். வலுப்படுத்தப்பட வேண்டிய மாகாணத்தின் சுகாதார இயக்குநர் அதில் ஒரு தரப்பே அல்லர். அவர் திருப்தி அடைந்தாரா என்பதைவிட, காலாண்டு அறிக்கை ஒப்பந்த அலுவலருக்கு உரிய தேதியில் போய்ச் சேர்ந்ததா என்பதையே நிறுவனம் முதலில் பார்க்கும். இதை யாருடைய கெட்ட எண்ணம் என்றும் சொல்ல முடியாது. பில்லுக்குப் பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கே கண் போவது இயல்பு.

விலை எப்படி அமைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வகையில் பரவலாக வழங்கும் முறை ஒன்றில், நிறுவனத்துக்கு ஆன நேரடிச் செலவும், தலைமையக வாடகை, கணக்காளர் சம்பளம் போன்றவற்றுக்கான மறைமுகச் செலவு விகிதமும், அவற்றின்மேல் ஒரு நிலையான கட்டணமும் தரப்படும். செலவு முழுவதும் ஈடு செய்யப்படுவதால், இழப்பின் அச்சம் நிறுவனத்துக்குக் குறைவு. வேலை முடியாவிட்டாலும் முயன்றதற்கான செலவு வந்துவிடும். இன்னொரு முறையில் முழுத்தொகையும் முன்பே பேசி முடிக்கப்படும். எது எப்படிச் செலவாயிற்று என்று கேட்க மாட்டார்கள், முடிவைக் கேட்பார்கள். ஒப்பந்தப்புள்ளியை மதிப்பிடும்போது பெரும்பாலும் விலையைவிடத் தொழில்நுட்பத் தகுதிக்கே மதிப்பெண் அதிகம். உலக வங்கியின் ஆலோசகர் தேர்வில் தகுதிக்கு 80, விலைக்கு 20 என்ற பங்கீடு பரவலானது. அந்தத் தகுதி மதிப்பெண்ணில் முக்கியப் பணியாளர்களின் தன்விவரக் குறிப்புக்குப் பெரிய இடமுண்டு. ஆகவே டெண்டர் போடும் மாதத்தில் உங்களைப் போன்றவர்களின் குறிப்பை ஆவலோடு கேட்டு வாங்குவார்கள். வென்ற பிறகு அதே ஆட்கள்தான் களத்துக்குப் போகிறார்களா என்பது வேறு விஷயம். பெயர் ஒருவருடையதாகவும் வேலை இன்னொருவருடையதாகவும் இருந்த திட்டங்களை நான் கண்டிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு மாகாணத் தலைநகரில், எந்த நாடு என்று சொல்ல வேண்டாம், சுகாதார அலுவலகக் கட்டடத்தில் இரண்டு அறைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் எங்கள் திட்டத்தின் ஆட்கள்: குளிர்சாதனம், ஜெனரேட்டர், ஆறு கணினிகள், மாகாணத்தின் 100-க்கும் மேற்பட்ட நிலையங்களின் நோய்க் கணக்கு. அடுத்த அறையில் அரசின் பதிவு எழுத்தர்: மேசை, பேரேடு, சன்னல். அவருக்குக் கணினி கற்றுத்தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரி. 3 நாள் பயிற்சி நடத்தி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, புகைப்படம் எடுத்து, அந்த வரியை நாங்கள் முடித்துவிட்டோம். கணக்கைப் பதிவிடுவது மட்டும் எங்கள் ஆட்களிடமே இருந்தது. ஏனென்றால் காலாண்டு அறிக்கையில் பிழை வரக்கூடாது. அரசில் திறமையாக இருந்த இரண்டு இளைஞர்களையும், மூன்று மடங்கு சம்பளம் தந்து நாங்களே எடுத்துக்கொண்டோம். ஐந்தாம் ஆண்டு திட்டம் முடிந்தது. ஆறு மாதம் கழித்து இறுதிக் கணக்கு வேலையாக நான் மீண்டும் போனபோது எங்கள் அறை பூட்டிக் கிடந்தது. இளைஞர்கள் இருவரும் வேறொரு கொடையாளரின் திட்டத்துக்குப் போய்விட்டார்கள். எழுத்தர் அதே சன்னலருகில் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று பார்த்த தணிக்கையில் ஒரு காசுகூடத் தவறவில்லை. ஆனால் அந்த மாகாணத்தை நாங்கள் வலுப்படுத்தவில்லை. இருந்த இரண்டு நல்ல ஆட்களையும் எடுத்துக்கொண்டு அதைச் சற்று நலிவாக்கி விட்டே வந்திருந்தோம்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமன்று என்பதைக் கொடையாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டுப் பாரிஸ் பிரகடனத்தில், அரசுக்கு இணையாக இயங்கும் திட்ட அலுவலகங்களின் எண்ணிக்கையை 2010-க்குள் மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதாக உறுதி கூறினார்கள். 2011-இல் கணக்குப் பார்த்தபோது, அந்தப் பிரகடனத்தின் 13 இலக்குகளில் உலக அளவில் எட்டப்பட்டது ஒன்றே ஒன்று.

அப்படியானால் இந்த ஒப்பந்தங்களால் பயனே இல்லையா என்றால், ஆப்கானிஸ்தானைப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் அதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 2001-இன் இறுதியில் தாலிபான் ஆட்சி விழுந்தபோது அங்கே சுகாதார அமைச்சகம் என்பது பெயரளவில் இருந்தது. 2003-இல் அடிப்படைச் சுகாதாரச் சேவைகள் எவை என்று ஒரு தொகுப்பை வகுத்து, அவற்றை வழங்கும் பொறுப்பை மாகாணம் மாகாணமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விட்டார்கள். மாகாணங்களை உலக வங்கியும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்துக்கொண்டன. உலக வங்கி பார்த்த மாகாணங்களில் அமைச்சகமே ஒப்பந்தம் விட்டது. முழுத்தொகை முறையில் கொடுத்தது. நிறுவனம் பின்தங்கினால் எச்சரித்தது, மாற்றியது. இதில் நமக்கு அக்கறைக்குரிய செய்தி ஒன்று உண்டு. எந்த மாகாணம் எப்படி நடக்கிறது என்பதை நடுநிலையாக அளந்து மதிப்பெண் போட, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அமர்த்தப்பட்டது ஜெய்ப்பூரில் உள்ள இந்தியச் சுகாதார மேலாண்மை ஆய்வு நிறுவனம். 2004 முதல் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான நிலையங்களுக்கு ஆட்கள் நேரில் போய், மருந்து இருக்கிறதா, பணியாளர் இருக்கிறாரா, நோயாளி என்ன சொல்கிறார், ஏழைக்கும் வசதி உள்ளவருக்கும் வேறுபாடு காட்டப்படுகிறதா என்று பார்த்து மாகாணவாரியாக மதிப்பெண் அட்டை போட்டார்கள். முதல் சில ஆண்டுகளில் மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. சண்டை நடக்கும் நாட்டில், சாலையில்லாத மாவட்டங்களில், இது சாதாரண வேலையன்று.

அப்படியும் அதன் பலவீனம் 2021 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் வெளிப்பட்டது. ஆட்சி மாறியது, உலக வங்கி பணத்தை நிறுத்தியது, அப்போது நடப்பில் இருந்த சேஹத்மந்தி என்ற திட்டத்தின் நிலையங்களில் முழுமையாக இயங்கியவை 17 சதவீதம் மட்டுமே என்று செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. செவிலியர்கள் ஓடிப்போகவில்லை. கட்டடங்கள் இடியவில்லை. சம்பளமும் மருந்தும் எந்தக் குழாயில் வந்தனவோ அந்தக் குழாய் வாஷிங்டனில் மூடப்பட்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழிந்தும், அந்நாட்டின் சொந்த வரிப்பணத்தில் சம்பளம் தரும் வழி உருவாகவில்லை. போர் நடந்த நாட்டில் அது கைகூடியிருக்குமா என்று கேட்டால், கடினம் என்றே நானும் சொல்வேன். ஆனாலும் இதை வெற்றி என்று மட்டும் எழுதும் அறிக்கைகளும், தோல்வி என்று மட்டும் எழுதும் கட்டுரைகளும் அந்த 17 என்ற எண்ணுக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 2005-இல் தொடங்கி 2015 வரை உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் முதலில் ஏறத்தாழ 11 கோடி டாலருடன் ஆரம்பித்து, 2010-இல் கூடுதல் கடனும் பெற்றது. இதைத் தனியார் ஆலோசனை நிறுவனம் நடத்தவில்லை. இந்திய ஆட்சிப்பணி அதிகாரி ஒருவர் தலைமையில், சுகாதாரத் துறைக்கு உள்ளேயே ஓர் அலுவலகம் நடத்தியது. ஆலோசகர்கள் இருந்தார்கள், ஆனால் அரசு மருத்துவர்களுக்குக் கீழே இருந்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தேனியிலும் தஞ்சாவூரிலும், உயர் இரத்த அழுத்தச் சிகிச்சையைச் சிவகங்கையிலும் விருதுநகரிலும் முன்னோட்டமாக நடத்திப் பார்த்து, எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று கண்டுகொண்டு, பிறகு மற்ற மாவட்டங்களுக்கு விரித்தார்கள். 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 அவசர ஊர்தியிலும் இந்தத் திட்டத்துக்குப் பங்கு உண்டு. திட்டம் முடிந்தபோது 108 நிற்கவில்லை. தொற்றாநோய்ப் பரிசோதனையும் நிற்கவில்லை. அவற்றின் செலவு தேசிய நலவாழ்வுத் திட்டத்துக்கும் மாநில வரவுசெலவுக்கும் மாற்றப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" அந்த வேரிலிருந்தே கிளைத்தது என்பது என் கணிப்பு. குளச்சலிலோ மணக்குடியிலோ ஒரு மீனவரின் வீட்டு வாசலுக்கு இரத்த அழுத்த மாத்திரை வரும்போது, அதற்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கடன் இருந்தது என்பது யாருக்கும் நினைவில் இல்லை. அப்படி நினைவில் இல்லாமல் போவதைத்தான் நான் வெற்றி என்பேன்.

2019-இல் கையெழுத்தான அடுத்த திட்டம், தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம், 28.7 கோடி டாலர் கடன். இங்கே முறையே மாறிவிட்டது. கட்டடம், கருவி, ஆலோசகர் என்று பொருள் வாங்கிய ரசீதுக்குப் பணம் தராமல், ஒப்புக்கொண்ட விளைவு சரிபார்க்கப்பட்ட பிறகே தவணை வரும். மருத்துவமனைகள் தேசியத் தரச் சான்று பெறுவது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்போரின் விகிதம், மாவட்ட சுகாதாரப் பேரவைகள் கூட்டி மக்களின் தேவையைக் கேட்பது போன்றவை அந்த விளைவுகள். அன்றைய மதிப்பில் இந்தத் தொகை சுமார் 2,000 கோடி ரூபாய். பல ஆண்டுகளுக்குப் பரவியது. அந்த ஒரே ஆண்டில் மாநிலத்தின் சுகாதார ஒதுக்கீடு 12,000 கோடிக்கும் மேல். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மூன்று நான்கு சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே உலக வங்கி போய்விட்டாலும் சம்பளம் நிற்காது. ஆப்கானிஸ்தானுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தச் சிறிய சதவீதத்தில் அடங்கியிருக்கிறது. இது கடன் என்பதையும் மறக்க வேண்டாம். 2005 முதல் இத்தகைய கடன்களின் நிபந்தனைகளை மத்திய அரசு அப்படியே மாநிலத்துக்குக் கைமாற்றுகிறது; டாலர் விலை ஏறினால் பாரமும் மாநிலத்துக்கே.

விளைவுக்குப் பணம் என்றால், விளைவை எங்கே நின்று அளக்கிறோம் என்பது பெரிய கேள்வியாகிவிடும். இதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குப் போகின்றன. பத்மநாபபுரத்திலிருந்து ஆட்சி நடந்த காலத்துப் பழக்கமும் உறவுகளும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை மாறியதோடு மாறிவிடவில்லை. இன்னும் பலர் மிஷன் மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் மருந்து வாங்குகிறார்கள். நம் அரசு நிலையங்களின் பதிவேட்டை மட்டும் எண்ணினால், இவர்கள் எல்லோரும் சிகிச்சையே பெறாதவர்கள் என்று கணக்கு வரும். அல்லது கணக்கிலேயே வரமாட்டார்கள். தமிழ்நாடு இதற்கு வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கும் மாதிரி ஆய்வை எடுத்துக்கொண்டது சரியான முடிவு. அந்த ஆய்வில், மருந்து யார் கொடுத்தார் என்பதைவிட அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்பது முதலில் தெரியவரும். நீங்கள் போகும் மாகாணத்திலும் ஓர் எல்லை இருக்கும், ஒரு மிஷன் மருத்துவமனை இருக்கும், அக்கரையில் ஒரு பெரிய நகரம் இருக்கும். திட்டத்தில் எதை எதை அளக்க வேண்டும் என்ற பட்டியலை எழுதியவர் தலைநகரில் இருந்திருப்பார்; அவருக்கு அது தெரிந்திருக்காது. எல்லையோரத்தில் வளர்ந்த உங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். அங்கே உங்களுக்குச் செய்ய என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு என் விடையின் ஒரு பாதி இதுதான்.

மறுபாதி, முன்பு சொன்ன சுகாதாரப் பேரவை போன்ற கூட்டங்களில் இருக்கிறது. நிர்வாகம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆலோசனை நிறுவனங்கள் கையேடு எழுத உட்கார்ந்துவிடுகின்றன. துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் எந்த நாளில் இருப்பார் என்று ஊரார் கேட்பதும், அதற்கு ஓர் அதிகாரி எழுந்து நின்று பதில் சொல்வதும், அடுத்த கூட்டத்தில் அது நடந்ததா என்று பார்ப்பதும்தான் நிர்வாகம். அதை நடத்த, ஊராரின் மொழியில் கேட்கவும் அதிகாரியின் மொழியில் எழுதவும் தெரிந்தவர் வேண்டும். செவிலியராக வேலை பார்த்த ஒருவருக்கு அது பழக்கப்பட்ட வேலை. பெரும் சம்பளத்தில் வரும் ஆலோசகர்கள் பலருக்கு அது வராது.

இன்றைய நிலைமையையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்க அதிபரின் ஆணை வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. மார்ச் 10-ஆம் தேதி, அந்நாட்டு உதவி முகமையின் திட்டங்களில் 83 சதவீதம், சுமார் 5,200 ஒப்பந்தங்கள், ரத்து செய்யப்படுவதாக வெளியுறவுச் செயலர் அறிவித்தார். ஜூலை 1 முதல் அந்த முகமை வெளிநாட்டு உதவித் திட்டங்களை நடத்துவதை நிறுத்திக்கொண்டது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று நம்பி வீட்டுக்கடன் வாங்கியவர்கள் ஒரு மின்னஞ்சலில் வேலை இழந்தார்கள். கொடையாளரின் வசதிக்காக எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்ற விதி அந்த ஒப்பந்தங்களில் முதலிலிருந்தே எழுதப்பட்டிருந்தது. படித்தவர்கள் குறைவு. உங்களுக்கு வேலை தரும் நிறுவனத்தின் பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை முதலில் கேளுங்கள். உங்கள் பணிக்கடிதத்தில் முன்னறிவிப்புக் காலமும், திரும்பிவரும் விமானச் செலவும் யார் பொறுப்பு என்றும் எழுதி வாங்குங்கள்.

இங்கேயே இருந்து ஒரு அறக்கட்டளை வழியாக இதே வேலையைச் செய்யலாமா என்றும் நீங்கள் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஓர் அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துத் தர முடியாது. நிர்வாகச் செலவுக்கும் 20 சதவீதம்தான் உச்சவரம்பு. மக்களோடு பேசுவதும் கணக்குப் பார்ப்பதுமான இந்த வேலையில் சம்பளமே பெருஞ்செலவு என்பதால், சிறிய அறக்கட்டளைகளுக்கு இது கடினமான பாதை. மாவட்ட அளவில் அரசின் நலவாழ்வுத் திட்டத்தில் ஒப்பந்தப் பணி கிடைத்தால், சம்பளம் குறைவு என்றாலும், கற்பது அதிகம் என்று நினைக்கிறேன்.

போவது என்று முடிவு செய்தால், நேர்காணலின் கடைசியில் உங்களிடம் கேள்வி ஏதும் உண்டா என்று கேட்பார்கள். அப்போது இவற்றைக் கேளுங்கள். இந்தப் பணியிடத்தை ஒத்த பணியிடம் மாகாண அரசின் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால், அதில் இப்போது இருப்பவர் யார், நான் அவரோடு வேலை செய்வேனா, அவருக்குப் பதிலாக வேலை செய்வேனா? நோய்க் கணக்கு யாருடைய கணினியில் இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, அதற்கு மறுமாதம் எந்தெந்தச் சம்பளங்களை மாகாண வரவுசெலவு ஏற்றுக்கொள்கிறது என்று எழுத்தில் ஏதாவது உண்டா? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாவிட்டாலும் வேலையை ஏற்கலாம். ஆனால் அந்த விடையை உருவாக்குவது உங்கள் வேலையின் பகுதியாக இருக்குமா என்று கேட்டு, ஆம் என்று சொன்னால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் நாள் அலுவலகம் போனதும், திட்ட அறைக்குள் நுழையும் முன்பு, பேரேடு எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டு அவரைப் போய்ப் பாருங்கள்.